இடப்பக்கம் சாய்ந்த படகு

"அண்ணி, உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க. தள்ளுவண்டியில ஏத்தறப்போ படகோட மூக்குதான் முதல்ல ஏறணும்."

கார் ஷெட்டின் வலது மூலையிலிருந்து நாத்தனார் இதைச் சொன்னாள். 'உங்க வீட்டுக்காரர்' என்று அவள் குறிப்பிட்ட ஆள் அவளுடைய கூடப் பிறந்த அண்ணன். அவர் அதே ஷெட்டில், படகின் மறுபக்கத்தில், எட்டினால் தொடுகிற தூரத்தில் குனிந்து கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

"வால் பக்கம்தான் முதல்ல ஏறும்னு அவகிட்ட சொல்லு," என்றார் அவர், நிமிர்ந்து பார்க்காமல்.

நடுவில் டீ கிளாஸோடு நின்றிருந்த போர்டம்மாவுக்கு, அந்த டீயைப் படகுக்குள்ளேயே ஊற்றிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளலாமா என்று இருந்தது. வாரத்துக்கு ஒரு நாள்தான் கடைக்கு விடுமுறை. அந்த ஒரு நாளும் இப்படித்தான் விடிகிறது.

"ரெண்டு பேருக்கும் கேட்டாச்சு இல்ல?" என்றாள். "மூக்கோ வாலோ, ஏதாவது ஒண்ணு ஏறட்டும். எனக்கு டீ ஆறுது."

இந்த வீட்டுப் படியை இன்றைக்குத்தான் மிதிக்கிறவர்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடுவோம்.

போர்டம்மாவும் அவள் கணவரும் கடைத்தெருவில் விளம்பரப் பலகைக் கடை வைத்திருப்பவர்கள். அந்தக் காலத்தில் கையால் எழுதிய பழக்கத்தில் அவரை இன்னும் எல்லோரும் பெயின்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். இப்போது எழுதுவதெல்லாம் இல்லை. அறையை அடைத்துக்கொண்டு நிற்கிற இயந்திரம் ஃப்ளெக்ஸ் பேனராக அடித்துத் தள்ளுகிறது. ஆர்டர் எடுப்பது, வாசகம் எழுதுவது, பிழை பார்ப்பது எல்லாம் போர்டம்மா. இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிற நாத்தனாருக்கு பேக்கரியில் அடுப்பு வேலை. மாமனார் இவர்கள் வீட்டுக் கீழறையில் இருக்கிறார். வேலையில் இருந்த காலமெல்லாம் லிஃப்ட்டில் ஊராரை ஏற்றி இறக்கியவரால், இப்போது மாடிப்படியில் ஒரு படி ஏற முடியாது.

போன மழையில் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற வாய்க்கால் பொங்கி, தெருவுக்குள் வந்து, கீழறைக்குள்ளும் வந்தது. மாமனாரின் மெத்தை நனைந்தபோது போர்டம்மா கடையில் மாட்டிக்கொண்டிருந்தாள், சாலையைக் கடக்க வழியில்லை. பெயின்டர் ஊரின் மறுகோடியில் ஏணிமேல் இருந்தார், போன் கீழே வண்டிக்குள் இருந்தது. நாத்தனார்தான் ஓடி வந்து, அக்கம்பக்கத்தவர்களோடு சேர்ந்து தகப்பனாரை நாற்காலியில் உட்கார வைத்து மாடிக்குத் தூக்கினாள். அன்று சாயங்காலம் அண்ணன் வந்து நின்றதும் அவள் கேட்டது ஒரே கேள்விதான்.

"அப்பா தண்ணியில கிடக்கறப்போ, நீ எவனுக்கோ வாழ்த்து மாட்டிக்கிட்டு இருந்திருக்க, இல்ல?"

தினமும் குளிப்பாட்டிச் சோறு ஊட்டுகிறவனை, ஒரு நாள் தூக்கினவள் கேள்வி கேட்கிறாளா என்று அவர் பதிலுக்கு எகிறினார். அதோடு அண்ணன் தங்கை பேச்சு நின்றது.

பேசாதவர்கள் பேசாமலாவது இருந்திருக்கலாம். வாய்க்காலைச் சுத்தம் செய்ய ஊரில் ஒரு குழு கிளம்பியது. அதை நடத்துகிறவர் பல் டாக்டரம்மா. அடைப்பெல்லாம் தாழ்வான பழைய பாலத்துக்கு அடியில் இருந்தது. இயந்திரத்தின் கை அங்கே நுழையாது, விலைக்குக் கிடைக்கிற படகுகளும் அந்த அகலத்துக்குப் பொருந்தாது. வாய்க்காலில் வாரிய பிளாஸ்டிக்கிலேயே அதன் அளவுக்கு ஒரு படகு செய்துவிடலாம் என்று யாரோ யோசனை சொன்னார்கள். பிளாஸ்டிக்கை உருக்க அடுப்பு தெரிந்த ஆள் வேண்டும் என்றதும் நாத்தனார் கை தூக்கினாள். உருக்கியதை வெட்டி ஒட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்றதும் பெயின்டர் கை தூக்கினார். ஒருவர் தூக்கியதை மற்றவர் பார்க்கவில்லை. பார்த்த பிறகு இறக்க இருவருக்கும் ரோஷம் விடவில்லை. வேலை செய்ய இடம் போர்டம்மா வீட்டுக் கார் ஷெட்டில்தான் இருந்தது.

அன்றைக்குப் பிடித்த சனி. பாட்டில் மூடியும் ஷாம்பு டப்பாவும் எண்ணெய் கேனும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. கழுவி, நறுக்கி, பேக்கரியில் கழித்துக் கட்டிய பழைய அடுப்பில் தட்டு தட்டாகப் பரப்பி உருக்கி, சூடு ஆறுவதற்குள் ஜாக்கி வைத்து அழுத்தினால் தகடு வரும். அந்தத் தகடுகளைப் பெயின்டர் சூடு காற்றடித்து ஒட்டுவார். கொடியில் காயும் துணியெல்லாம் உருகிய வாளியின் வாசனை. போர்டம்மா குளித்துவிட்டு வந்தால்கூடத் தலையில் நீல மூடித் துணுக்கு இருக்கும்.

படகை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். இடப்பக்கம் அண்ணன், வலப்பக்கம் தங்கை. அடித்தளம் மட்டும் பொது. சேதி சொல்ல போர்டம்மா.

சேதியென்றால் வெறும் சேதியா? ஒவ்வொன்றுக்கும் ஒரு குத்தல் ஒட்டிக்கொண்டு வரும். ஒட்ட வைத்தது விட்டுப்போச்சு, அவருக்கு எதையும் அரைகுறையா விடறதுதானே பழக்கம் என்று இங்கிருந்து போகும். தகடு வளைஞ்சிருக்கு, கேக்குன்னு நினைச்சிட்டாளா என்று அங்கிருந்து வரும். குத்தலை எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொடுப்பதே போர்டம்மாவுக்கு முழுநேர வேலையாகிவிட்டது. கடையில் பிழை திருத்துகிற கை. வீட்டிலும் அதையேதான் செய்துகொண்டிருந்தது.

மூக்கும் ஏறவில்லை, வாலும் ஏறவில்லை. குழுவிலிருந்து வந்த ஆட்கள் படகைப் பக்கவாட்டில் அலாக்காகத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டார்கள். அண்ணனும் தங்கையும் ஒரே மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னால் நடந்தார்கள். மாமனாரைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு அம்மாள் வந்து உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது மாமனார் ஜன்னல் வழியாகப் படகைப் பார்த்தார். சிவப்பும் நீலமும் பச்சையுமாகப் புள்ளி விழுந்து, ஒரு பெரிய தொட்டி போல் இருந்தது அது.

"மிதக்குமாம்மா?" என்று மருமகளைக் கேட்டார்.

"மிதந்தா சரி மாமா. இல்லேன்னா அதையும் நான்தான் ரெண்டு பேர்கிட்டயும் சொல்லணும்."

வாய்க்கால் கரையில் நல்ல கூட்டம். வானம் ஒரு பக்கமாகக் கறுத்து வந்தது. இன்றோ நாளையோ மழை பிடித்துக்கொள்ளும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அடைப்பு எடுபடாமல் மழை வந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் பேசவில்லை. அந்தத் தெருக்காரர்களின் சுவர்களில் போன மழையின் கறை இன்னும் இருந்தது.

பல் டாக்டரம்மா தலையில் தொப்பியும் காலில் முழங்கால் வரை பூட்ஸுமாக இருந்தார். யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பார். போர்டம்மாவிடம் நேராக வந்து, ரொம்ப நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறீர்களா, தாடை இறுகியிருக்கிறதே என்று கேட்டார். போர்டம்மா ஆமாம் என்றாள். காரணத்தைச் சொல்லவில்லை.

படகைச் சரிவில் இறக்கித் தண்ணீரில் விட்டார்கள். மிதந்தது. கரையில் கைதட்டல் கேட்டது. கைதட்டல் ஓய்வதற்குள் படகு மெதுவாக, தூக்கம் வந்த ஆள் தோளில் சாய்கிற மாதிரி, இடப்பக்கம் சாய்ந்தது. சாய்ந்து, அப்படியே நின்றது.

சிரிப்பு முதலில் பின்வரிசையிலிருந்துதான் வந்தது. ஏதாவது மீன் உட்கார்ந்திருக்கும் என்றார் ஒருவர். இந்த வாய்க்காலில் மீன் ஏது என்றார் இன்னொருவர்.

நாத்தனார் படகின் விளிம்பைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். பிறகு முதன்முறையாக வலப்பக்கத்தை விட்டு, அண்ணன் கட்டிய இடப்பக்கத்துக்கு வந்தாள். விளிம்புப் பட்டையை விரலால் தட்டினாள். மறுபக்கம் போய்த் தன் பக்கத்தைத் தட்டினாள். சத்தம் வேறாக இருந்தது.

"அண்ணி," என்றாள். "பக்கச் சுவருக்கு ஒரு தகடு போதும், இது போர்டு இல்ல பகட்டு காட்டறதுக்குன்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லச் சொன்னேனே. சொன்னீங்களா?"

போர்டம்மாவுக்கு அந்தச் சேதி நன்றாக நினைவிருந்தது. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்த நேரம். பகட்டை எடுத்தாலும் ஒரு தகடு போதும் என்பதே அவரைச் சீண்டிவிடும் என்று யோசித்து, மொத்தத்தையும் பாலோடு இறக்கி வைத்துவிட்டாள்.

அவள் பதில் சொல்வதற்குள் பெயின்டர் குறுக்கே வந்தார். "பக்கச் சுவருக்கு ரெண்டு தகடு வெச்சிருக்கேன், அவளையும் ரெண்டு வைக்கச் சொல்லு, பிஸ்கட் மாதிரி மெலிசா விட்டுடப் போறான்னு நான் சொல்லி அனுப்பினது?"

அதுவும் அதே நாள்தான். அதையும் அவள் கொடுக்கவில்லை.

"என்கிட்ட வந்தது வேற," என்றாள் நாத்தனார். "என் பக்கம் நல்லா வந்திருக்குன்னு நீ சொன்னதா, அவ்வளவுதான்."

"என்கிட்டயும் அதேதான். நல்லா வந்திருக்குன்னு நீ பாராட்டினேன்னு சொன்னா."

"நான் உன்னைப் பாராட்டினேனா? அதை நீ நம்பினியா?"

"நம்பினேனே."

இரண்டு பேரும் திரும்பி ஒன்றாகப் போர்டம்மாவைப் பார்த்தார்கள். ஒரே மாதிரிப் புருவம், ஒரே மாதிரி மூக்கு நுனிச் சிவப்பு. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, இந்த இரண்டு பேரும் இப்போது ஒருவரோடு ஒருவர் நேருக்கு நேர் பேசிக்கொண்டார்கள் என்று. மழைக்குப் பிறகு முதல் பேச்சு. அதுவும் அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக.

"ஏன்டி இப்படிப் பண்ணின?" என்றார் பெயின்டர்.

"ஏன் பண்ணினேனா? உங்க ரெண்டு பேர் வாயில வர்றதை அப்படியே கொடுத்திருந்தா இந்நேரம் படகா இருந்திருக்கும்? ரெண்டு பாதியும் ரெண்டு வீட்டுல கிடந்திருக்கும். சாயுதுதானே, முழுகலையே?"

பல் டாக்டரம்மா, சாய்வைச் சரிசெய்ய வலப்பக்கம் ஒரு ஆள் உட்கார்ந்தால் போதுமே என்று இடையில் புகுந்தார். பெயின்டருக்குக் கொக்கியை வைத்து இழுக்கிற வேலை, நாத்தனாருக்குக் கழி ஊன்றுகிற வேலை. சும்மா உட்கார ஒரு ஆள் வேண்டும். கொஞ்சம் கனமான ஆள்.

எல்லோர் கண்ணும் எங்கே போயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் படகில் செத்தாலும் ஏறமாட்டேன் என்று ஷெட்டில் அடுப்பு வைத்த நாள் முதல் சொல்லிவந்தவள் போர்டம்மா. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு பக்கம் கணவரும் மறுபக்கம் நாத்தனாரும் கையைப் பிடிக்க ஏறி, வலப்பக்கம் உட்கார்ந்தாள். படகு சமமானது. கரையில் மறுபடியும் கைதட்டினார்கள். தன் எடைக்கு இப்படி ஒரு மரியாதை வாழ்நாளில் கிடைக்கும் என்று அவள் நினைத்ததில்லை. கிடைத்ததற்குச் சந்தோஷமும் படவில்லை.

பாலத்துக்கு அடியில் இருட்டாக இருந்தது. நாற்றம் தொண்டைவரை போயிற்று. மூவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். தெர்மகோல் துண்டுகளும் பாட்டில்களும் சிமென்ட் சாக்குகளும் ஒரு திட்டு போல் இறுகி, மேலே புல்கூட முளைத்திருந்தது. நாத்தனார் கழியால் குத்திப் பார்த்தாள். அசையவில்லை. பாட்டிலும் சாக்கும் இப்படித் தானாக நிற்காது, அடியில் எதுவோ பிடித்து நிறுத்துகிறது என்றாள்.

பெயின்டர் கொக்கியைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவினார். சிக்கியது. பாலத்தின் தூணைச் சுற்றித் துணி போல எதுவோ சுருண்டிருந்தது. இழுக்க இழுக்க வந்தது. சேற்றோடு வந்து படகின் விளிம்பில் விழுந்தது.

முதலில் ஒரு வாய் தெரிந்தது. சிரிக்கிற வாய். பிறகு மீசை, கண்ணாடி, ஒரு கட்டை விரல். யாரோ ஒருவர் கட்டை விரலை உயர்த்திச் சேற்றுக்குள்ளிருந்து சிரித்தார்.

போர்டம்மா குனிந்து கையாலேயே சேற்றைத் துடைத்தாள். எழுத்து தெரிந்தது. வாழ்த்துகள்.

'க்' இல்லை.

ஊரில் எல்லாக் கடைகளும் வாழ்த்துக்கள் என்று அடிக்கும். அவள் கடையில் மட்டும் அப்படிக் கிடையாது. நடுவில் 'க்' போட வேண்டும் என்று அடம்பிடித்த வாடிக்கையாளர்களோடு மல்லுக்கட்டி, அதில் சிலரை இழந்தும் இருக்கிறாள். ஊர் முழுக்க 'க்' இல்லாமல் வாழ்த்துகிற கடை அது ஒன்றுதான்.

பெயின்டர் மறுபடியும் கொக்கியை விட்டார். இன்னொன்று வந்தது, திறப்பு விழா. இன்னொன்று, ஆண்டு விழா. ஒன்றுக்குள் ஒன்று சுருண்டு, கம்பிக் கயிறு மாதிரி முறுகி, தூணை இறுக்கிக் கட்டியிருந்தன. மூலையில் கடையின் பெயர், போன் நம்பர். விழா முடிந்ததும் கழற்றியவர்கள் வாய்க்காலில் வீசியிருக்கிறார்கள். வீசியது யாராக இருந்தாலும் அடித்தது இவர்கள். வாசகம் அவளுடையது.

பாலத்துக்கு மேலே ஒரு வண்டி போனது. மண் உதிர்ந்தது.

போர்டம்மா நாத்தனாரின் முகத்தைப் பார்க்கப் பயந்தாள். இப்போது அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்தத் துணிதான் தண்ணீரை நிறுத்தியது, நிறுத்திய தண்ணீர்தான் அப்பாவின் கட்டிலுக்கு வந்தது என்று சொன்னால், பதில் சொல்ல யாருக்கும் வாய் இருக்காது. மழை நாளிலிருந்து அவள் காத்திருந்த சமயம் கையில் வந்து விழுந்திருந்தது.

நாத்தனார் கழியைக் கீழே வைத்தாள். பேனரை எடுத்து, கடையின் பெயர் உள்பக்கம் போகிற மாதிரி மடித்தாள். அடுத்ததையும் மடித்தாள். எல்லாவற்றையும் அடுக்கி, படகின் நடுவில் போட்டு, மேலே சிமென்ட் சாக்கைப் போர்த்தினாள்.

"அண்ணி, காலைக் கொஞ்சம் தள்ளுங்க," என்றாள். அவ்வளவுதான்.

பெயின்டர் கொக்கியைப் பிடித்தபடியே நின்றார். "அப்பா கட்டிலுக்கு வந்த தண்ணி..." என்று ஆரம்பித்தார்.

"கழியைப் பிடிண்ணா. படகு தூண்ல இடிக்குது."

அவர் கழியைப் பிடித்தார். நாத்தனார் இடுப்பில் செருகியிருந்த பேக்கரிக் கத்தியை எடுத்து, மிச்சமிருந்த முறுக்கை நறுக்கினாள். கடைசி இழை அறுந்ததும் திட்டு முனகியது. ஒரு பக்கம் உடைந்தது, பிறகு மொத்தமும் கிளம்பியது. தண்ணீர் படகைத் தள்ளிக்கொண்டு போயிற்று. போர்டம்மா இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, மனதுக்குத் தோன்றிய எல்லாத் திட்டையும் திட்டினாள். கண்ணைத் திறந்தபோது பாலத்துக்கு அந்தப் பக்கம் வெளிச்சத்தில் இருந்தார்கள். இரண்டு கரைச் சுவரிலும் தண்ணீர் இறங்கிய ஈரக் கோடு பளபளத்தது.

கரையில் ஒரே ஆரவாரம். மூன்று பேரையும் கை கொடுத்து ஏற்றினார்கள். என்ன அடைத்துக்கொண்டிருந்தது என்று பல் டாக்டரம்மா கேட்டார். பழைய துணி, சாக்கு என்றாள் நாத்தனார், சட்டென்று.

அதோடு விட்டிருக்கலாம். விடுகிற ஆளையா போர்டம்மாவுக்குக் கட்டி வைத்தார்கள்?

பெயின்டர் படகுக்குள் குனிந்து, சாக்கை விலக்கி, மடித்து வைத்த பேனரை எடுத்தார். எல்லோரும் பார்க்கத் தரையில் விரித்தார். கட்டை விரல்காரர் ஊரைப் பார்த்துச் சிரித்தார்.

"இதுதான் அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. என் கடையில அடிச்சது," என்றார். "இன்னியோட சரி. என் கடையில இனிமே ஃப்ளெக்ஸ் கிடையாது."

கைதட்டல் வந்தது பாருங்கள், படகு மிதந்ததற்கு வந்ததெல்லாம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. வயதான ஒருவர் அவர் தோளைத் தட்டினார். பல் டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாத்தனாரும் தட்டினாள்.

போர்டம்மா தட்டவில்லை. சேற்றுக் கையோடு நின்றாள். என் கடை என்றாரே, அந்தக் கடையில் காலையிலிருந்து இரவு வரை உட்கார்ந்திருப்பது யார்? கடை மூடப்போகிறது என்ற சேதி அவளுக்கும், பின்வரிசையில் மீன் ஜோக் அடித்த ஆளுக்கும் ஒரே நேரத்தில் தெரிகிறது.

வீடு வந்து சேர்ந்தார்கள். ஷெட்டுக்கு முன்னால் நின்று பைப்பைத் திருப்பிக் காலைக் கழுவிக்கொண்டபோதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அந்த நேரத்துல தோணுச்சு. சொல்லிட்டேன்."

"ஒத்தைத் தகட்டுக்கு என்கிட்ட சேதி சொல்லி அனுப்பினீங்க. மூக்கா வாலான்னு சேதி சொல்லி அனுப்பினீங்க. கடையை மூடறதுக்கு மட்டும் சேதி கிடையாதா எனக்கு?"

பெயின்டர் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே, மூடுவதாக யார் சொன்னது, பழையபடி கையால் எழுதலாம், பலகை செய்யலாம், ஏதாவது வழி பிறக்கும் என்றார். வழி பிறக்கும்வரை இயந்திரத்தை என்ன செய்வதாம், மாமாவைத் தூக்கி உட்கார வைத்துக் கஞ்சி ஊட்டுமா என்று அவள் கேட்டாள். கையால் எழுதி எவ்வளவு காலமாகிறது, கடைசியாக அவர் எழுதிய பலகையில் எழுத்தெல்லாம் இந்தப் படகு மாதிரிதானே சாய்ந்திருந்தது என்றும் கேட்டாள்.

"அண்ணி, அண்ணன் சொன்னதுல என்ன தப்பு?" என்றாள் நாத்தனார்.

அண்ணன். உங்க வீட்டுக்காரர் போய், அண்ணன் திரும்பி வந்துவிட்டார். இந்த ஒரு சொல்லுக்காகப் போர்டம்மா எத்தனை நாள் ஏங்கியிருப்பாள். இப்போது அது வந்த நேரத்தைப் பார்த்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வீட்டில் இரண்டு பேர் சேர்ந்தால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டும் போலிருக்கிறது.

"தப்புன்னு நான் சொல்லலையே," என்றாள். அது உண்மைதான். பாலத்துக்கு அடியில், சேற்றைத் துடைத்த அந்த நிமிடத்தில், இதை இனிமேல் எப்படி அடிப்பது என்று அவளுக்கும் தோன்றியது. தானும் அவரும் வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, உட்கார்ந்து பேச வேண்டும் என்று நினைத்திருந்தாள். அவர் ஊரைக் கூட்டி, கைதட்டலோடு முடித்துவிட்டார். அவளுக்கு இனி ஆமாம் என்று சொல்லவும் வழியில்லை, இல்லை என்று சொல்லவும் வழியில்லை.

ஜன்னலிலிருந்து மாமனாரின் குரல் வந்தது. "தண்ணி வடிஞ்சுதா?"

வடிந்துவிட்டது என்று மூவரும் சொன்னார்கள்.

"அப்போ உள்ள வந்து சண்டை போடுங்க. அங்க நின்னு பேசினா எனக்குப் பாதிதான் கேக்குது."

அண்ணனும் தங்கையும் சிரித்துவிட்டார்கள். போர்டம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. துணியை மாற்றிக்கொண்டு, கடைச் சாவியை எடுத்துக்கொண்டு, தெருவில் இறங்கி நடந்தாள். முதல் தூறல் விழுந்தது. வாய்க்காலைத் தாண்டும்போது எட்டிப் பார்த்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தெருக்காரர்கள் சிலர் குடையோடு நின்று அதையே வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தி இவளைக் கண்டு, இன்றைக்காவது நிம்மதியாகத் தூங்கலாம் அக்கா என்றாள். போர்டம்மாவால் அவளிடம் முகத்தைச் சுளிக்க முடியவில்லை.

கடையைத் திறந்து விளக்கைப் போட்டாள். மையின் வாசனை. இயந்திரத்தில் பாதி ரோல் மாட்டியபடியே இருந்தது, வெள்ளையாக, எதுவும் எழுதாமல். அதன் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். என்ன செய்வதற்காக வந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அழலாம் என்று வந்திருக்கலாம். அதற்குள் ஷட்டரில் யாரோ தட்டினார்கள்.

பல் டாக்டரம்மா. தொப்பியைக் கழற்றியிருந்தார், பூட்ஸைக் கழற்றவில்லை.

"நல்லவேளை திறந்திருக்கீங்க. வீட்டுல இருப்பீங்களோன்னு பார்த்தேன். ஒரு அவசர வேலை."

பல் வலிக்கு மருந்து சொல்ல வந்தாரோ என்று போர்டம்மா தாடையைத் தடவிக்கொண்டாள்.

"இவ்வளவு பெரிய காரியம் பண்ணியிருக்காங்க அண்ணனும் தங்கச்சியும். சும்மா விட முடியுமா? குழுவுல எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணிட்டோம். நாளைக்குக் காலையில பத்திரிகைக்காரங்க வர்றாங்க. பாலத்து மேலயே கட்டற மாதிரி, பெரிசா, ரெண்டு பேர் படமும் போட்டு, நன்றின்னு ஒரு பேனர் வேணும்."

போர்டம்மா அவரையே பார்த்தாள். விளையாடுகிறாரா என்று தேடினாள். அந்த முகத்தில் விளையாட்டு இல்லை, உண்மையான நெகிழ்ச்சி இருந்தது.

"இனிமே ஃப்ளெக்ஸ் அடிக்கமாட்டேன்னு அவர் சொன்னப்போ நீங்களும் அங்கதானே இருந்தீங்க?"

"இருந்தேனே. கண்ணுல தண்ணியே வந்துடுச்சு," என்றார் பல் டாக்டரம்மா. "அதையும் அந்தப் பேனர்லயே போட்டுடணும்."

திறந்த ஷட்டருக்கு அப்பால் தூறல் பெரிதாகிக்கொண்டிருந்தது. தெருவின் அந்தக் கோடியில் பெயின்டரும் நாத்தனாரும் ஒரே குடைக்குள் இடித்துக்கொண்டு வருவது தெரிந்தது. ஏதோ கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டு, நேராகக் கடையைப் பார்த்துத்தான் வந்தார்கள்.

முடியாது என்று சொல்லத்தான் போர்டம்மா வாயைத் திறந்தாள். இத்தனை வருடம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து ஆர்டர் எடுத்த வாய் அவளைக் கேட்கவில்லை.

"எத்தனை அடிக்கு எத்தனை அடி?" என்றது.